மூன்று நிமிடச் சொல்வேட்டை: கணினியில் தமிழ் எழுத்துக் கட்டம் ஆடுவது எப்படி?

திரையில் நான்குக்கு நான்காகக் கட்டங்கள், 16 எழுத்துகள். ஓரத்தில் 3:00 என்று தொடங்கிக் கீழே இறங்கும் கடிகாரம். பக்கத்துப் பக்கத்து எழுத்துகளைக் கோத்துச் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டம் இவ்வளவுதான். ஆனால் புதிதாக உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் அரை நிமிடத்தில் ஏழெட்டுச் சொல் போட்டுவிட்டு, மீதி நேரம் முழுக்கத் திரையை வெறித்துக்கொண்டிருப்பார்கள். சொல்வளம் குறைவு என்பது அரிதாகவே காரணம். கண்ணுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, அதுதான் கோளாறு. தமிழ்க் கட்டத்தில் கண் எங்கே போக வேண்டும் என்பதற்குத் தெளிவான விடை உண்டு: புள்ளி வைத்த எழுத்துக்கு. அதை விரிவாகப் பார்ப்பதற்கு முன் விதிகள்.

விதிகள்

இந்த வகை ஆட்டத்துக்கு மூலம் 1972-ல் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘பாகிள்’. உருவாக்கியவர் ஆலன் டூராஃப். 16 எழுத்துப் பகடைகள், குலுக்க ஒரு மூடி, 3 நிமிட மணற்கடிகை. கணினிக்கு வந்தபோது பகடை போனது, விதி அப்படியே நின்றது.

ஒரு எழுத்திலிருந்து மேல், கீழ், இடம், வலம், நான்கு மூலைவாட்டு என எட்டுத் திசையிலும் ஒட்டியிருக்கும் கட்டத்துக்கு நகரலாம். நடுவில் ஒரு கட்டத்தைத் தாண்டக் கூடாது. ஒரே சொல்லுக்குள் ஒரு கட்டத்தை இரண்டு முறை தொடக் கூடாது. அடுத்த சொல்லுக்கு அதையே மறுபடி எடுத்துக்கொள்ளலாம். குறைந்தது 3 எழுத்து வேண்டும். 5×5 கட்டமென்றால் பொதுவாக 4.

மூல ஆட்டத்தின் மதிப்பெண் கணக்கு: 3, 4 எழுத்துச் சொல்லுக்கு 1, 5 எழுத்துக்கு 2, 6-க்கு 3, 7-க்கு 5, 8-க்கும் அதற்கு மேலும் 11. இது ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்து பிடிக்கும் ஒலியைத் தமிழில் மூன்றே எழுத்தில் அடக்கிவிடுகிறோம். ‘கல்வி’ 3 எழுத்துதான். அதனால் இதே கணக்கைத் தமிழுக்கு அப்படியே வைத்தால் 5 எழுத்துச் சொல்லே அபூர்வமாகிவிடும். நீளமான சொல்லைத் தேடி அலைவதைவிட 3, 4 எழுத்துச் சொற்களை வேகமாக அள்ளுவதே லாபம்.

இன்னொரு கணக்கும் மனத்தில் இருக்கட்டும். மூலைக் கட்டத்துக்கு அண்டைக் கட்டங்கள் 3, விளிம்பில் இருப்பதற்கு 5, நடுவில் இருக்கும் நான்குக்கும் தலா 8. மொத்தக் கட்டத்தில் 42 இணைப்புகள். எல்லாச் சொல்லும் இந்த 42-க்குள்தான் ஓடுகிறது. அதிலும் பாதிக்கு மேல் நடு நான்கைத் தொட்டுத்தான் போகும்.

கடிகாரத்தைத் தொடும் முன்

தமிழ்ப் பதிப்புகள் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. முதல் சுற்றை மதிப்பெண்ணுக்காக ஆடாமல் சோதனைக்காக ஆடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, ஒரு கட்டத்தில் என்ன இருக்கிறது என்பது. கு, ம், டா என்று முழு எழுத்து இருக்கிறதா, அல்லது மெய் ஒரு கட்டம், உயிர் ஒரு கட்டம் என்று பிரித்துப் போட்டிருக்கிறதா? இரண்டும் வேறு வேறு ஆட்டங்கள். இந்த வழிகாட்டி முழு எழுத்துக் கட்டத்துக்கானது.

அடுத்தது, எந்தச் சொல் செல்லும். கட்டத்தில் கிடைக்கும்போதெல்லாம் ஐந்து வகையைப் போட்டுப் பாருங்கள்: 2 எழுத்துச் சொல் (கல், மண்), ‘கள்’ சேர்ந்த பன்மை, வினையெச்சம் (வந்து, பார்த்து), வேற்றுமை உருபு ஏறியது (மரத்தில்), கிரந்த எழுத்து உள்ளது. எது ஏற்கப்படுகிறது, எது தள்ளப்படுகிறது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்துக்கொண்டால் போதும். வினையெச்சம் செல்லும் என்றால் உங்கள் அறுவடை பெருகும். செல்லாது என்றால் ‘ந்து’ என்று முடியும் சொற்களின் மேல் நேரத்தைச் செலவிடத் தேவையில்லை.

தவறான சொல்லுக்கு மதிப்பெண் குறையுமா என்பதையும் பாருங்கள். குறையாது என்றால் சந்தேகமான சொல்லையெல்லாம் தயங்காமல் போடலாம். சரியென்றால் 1 கூடும், தவறென்றால் 1 குறையும் என்றிருந்தால், பாதிக்கு மேல் நம்பிக்கை உள்ளதை மட்டும் போடுங்கள்.

கடிகாரத்திலும் வகை உண்டு. லினக்ஸில் கிடைக்கும் ‘டாங்லெட்’ போன்ற இலவச ஆட்டங்களில் நேர முறையைத் தேர்ந்தெடுக்கலாம். சில முறைகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் கூடுதல் நேரம் கிடைக்கும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் தொடக்கத்திலேயே சின்னச் சொற்களைக் கொட்ட வேண்டும். இனி சொல்வது நேரம் கூடாத, நிலையான 180 நொடி ஆட்டத்துக்கு.

திரை அமைப்பைப் பற்றி ஒரே விஷயம்: புள்ளி தெளிவாகத் தெரிய வேண்டும். ன-வும் ன்-உம், ர-வும் துணைக்காலும் குழம்பினால் தோல்விதான். உலாவியில் கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை இரண்டு மூன்று முறை அழுத்திப் பெரிதாக்குங்கள். ஆனால் கட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்க வேண்டும். மேலும் கீழும் உருட்டும்படி ஆகிவிட்டால் அது அதைவிடக் கெடுதல்.

புள்ளியைப் பிடியுங்கள்

தமிழ்ச் சொல்லில் எந்த எழுத்துக்குப் பின் எது வரலாம் என்பதை இலக்கணம் இறுக்கிக் கட்டியிருக்கிறது. பள்ளியில் மெய்ம்மயக்கம் என்று படித்துவிட்டு மறந்த பாடம் இங்கேதான் கைகொடுக்கிறது.

க், ச், த், ப் நான்கும் தன் இனத்தைத் தவிர எதையும் அடுத்து ஏற்காது. க்-க்குப் பின் க வரிசை, ச்-க்குப் பின் ச வரிசை, அவ்வளவுதான். அதனால் கட்டத்தில் த் இருந்தால் அதன் அண்டையில் த வரிசை எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையா, அந்த த் செத்த கட்டம். மறந்துவிடலாம்.

ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம். தன் இனத்தோடு க, ச, ப வரிசையையும் ஏற்கும்: வெட்கம், மாட்சி, நட்பு, கற்க, முயற்சி, கற்பு.

மெல்லினம் தன் சோடி வல்லினத்தைத் தேடும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. கட்டம் திறந்ததும் இந்த ஆறில் எது ஒட்டி நிற்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. ண்ண, ம்ம, ன்ன என்ற இரட்டிப்பு அடுத்தபடி.

ல், ள் இரண்டும் இரட்டிக்கும்; க, ச, ப, வ வரிசைகளையும் ஏற்கும். ர், ழ் மட்டும் ஒருபோதும் இரட்டிக்காது. பதிலுக்கு அவற்றுக்கும் ய்-க்கும் வேறொரு சலுகை: இன்னொரு மெய்யைப் பின்னால் அடுக்கிக்கொள்ளும். பார்த்து, வாழ்க்கை, காய்ச்சல், சேர்ந்து. புள்ளி எழுத்து இரண்டு ஒட்டி நின்றால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இணைப்பு பெரும்பாலும் எங்கும் கொண்டுபோகாது.

அடுத்த வடிகட்டி, சொல் எதில் தொடங்கும் என்பது. புள்ளி எழுத்தில் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டு வரிசையிலும் தமிழ்ச் சொல் தொடங்காது. ரகம், ரத்து, லாபம், டப்பா என்று வந்து சேர்ந்த சொற்கள் இருப்பதால் ர, ல, ட மூன்றுக்கும் கடைசியில் ஒரு பார்வை மிச்சம் வைத்தால் போதும். வு, வூ, வொ, வோ-விலும் தொடக்கம் கிடையாது. ஞ-வில் ஞானம், ஞாயிறு போல விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

உயிரெழுத்துக்கு நேர்மாறான கதை. அ, இ, உ போன்றவை சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே வரும் (அளபெடையை விட்டுவிடுங்கள்). கட்டத்தில் ‘அ’ இருந்தால் அது வாசல் மட்டுமே, வழி அல்ல. அதன் வழியாக எந்தச் சொல்லும் கடந்து போகாது.

முடிவுக்கும் வரையறை உண்டு. வல்லின மெய்யில் சொல் முடியாது. ம், ல், ள், ன், ண், ர், ய், ழ் இவைதான் அதிகம் முடியும் மெய்கள். கு, டு, து, று, பு என்ற உகர முடிவு இன்னொரு பெரிய கூட்டம்.

ஒரு கட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம்

ப | க் | க | ம்
ட் | ட | ல் | ர
ம் | வ | வி | த்
கா | ன் | று | து

முதலில் தொடக்க எழுத்துகள். புள்ளி வைத்தவை ஏழு: க், ம், ட், ல், இன்னொரு ம், த், ன். அவற்றை ஒதுக்குங்கள். ட, று இரண்டும் தொடங்காது. ர-வைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மிஞ்சுவது ப, க, வ, வி, கா, து, ஆக ஆறு. 16 கட்டத்தில் தேட வேண்டியது 6 இடத்திலிருந்து மட்டும் என்றாகிவிட்டது. இதற்கு நாலைந்து நொடிக்கு மேல் ஆகாது.

இப்போது கீல்கள், அதாவது ஒட்டி நிற்கும் புள்ளி எழுத்தும் அதை அடுத்து வரக்கூடிய எழுத்தும் சேர்ந்த சோடிகள். க்-க, மேல் வரிசையில் ஒட்டி நிற்கிறது. ட்-ட, இரண்டாம் வரிசையில். த்-து, வலது ஓரத்தில் மேலும் கீழுமாக. ல்-வி, மூன்றாம் நெடுவரிசையில். ன்-று, அடிவரிசையில். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தொடக்க எழுத்து ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும். க்-க-வுக்கு முன் ப: பக்கம். ட்-ட-வுக்கு முன் ப, வ: பட்டம், வட்டம் (மூன்றாம் வரிசை ம்-ஐ எடுத்துக்கொண்டு). ல்-வி-க்கு முன் க: கல்வி. த்-து-க்கு முன் வி: வித்து. ஐந்து கீலில் நாலு கைகொடுத்துவிட்டன.

ஐந்தாவதான ன்-று பொறி. கன்று, நன்று, சென்று, ஒன்று என்று மனம் வரிசையாகச் சொல்லும். க தொலைவில் இருக்கிறது, மற்றவை கட்டத்திலேயே இல்லை. ஒட்டியிருக்கும் கா-வைச் சேர்த்தால் ‘கான்று’ வரும். உமிழ்ந்து என்று பொருள்படும் இலக்கிய வினையெச்சம். உங்கள் ஆட்டம் வினையெச்சத்தை ஏற்றால் போடலாம். இல்லையென்றால் மூன்று நொடியில் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து ட-வைப் பாருங்கள். இரண்டாம் வரிசை, இரண்டாம் கட்டம். எட்டுப் பக்கமும் அண்டை. ப, க, வ, வி என்று நான்கு தொடக்க எழுத்துகள் அதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன; ம், ல் என்று இரண்டு முடிவுகளும் ஒட்டி நிற்கின்றன. படம், கடம், வடம், விடம், கடல், படல்: ஒரே மூச்சில் ஆறு. கடவன், பட்டவன் என்று வ-ன் வழியாக இன்னும் இரண்டு. இந்தக் கட்டத்தில் எளிதில் தேறும் 20 சொற்களில் 10 ட-வின் மேல் ஏறித்தான் போகின்றன. அந்த ட-வோ ஒரு சொல்லைக்கூடத் தொடங்கவில்லை.

மிச்சம் பத்தில் பக்கம், கல்வி, வித்து மூன்றையும் கீல்களிலேயே எடுத்துவிட்டோம். மற்றவை: காவல் (அடி இடது மூலையிலிருந்து மூலைவாட்டில் நேர்க்கோடு), விரல், விரகம், கரம், பக்கல், பிறகு ரகமும் ரத்தும். இவற்றோடு எண்ணிக்கை 20 ஆகும். ‘பட்டவன்’ வினையாலணையும் பெயர், அகராதிப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அதைக் கழித்தால் 19-ல் ட-வின் பங்கு 9. எப்படி எண்ணினாலும் கிட்டத்தட்டப் பாதி.

இதே கட்டத்தில் இல்லாமலேயே இருப்பதுபோல் தோன்றும் சொற்களையும் கவனியுங்கள். பகல்: ப, க, ல் மூன்றும் இருக்கின்றன, ஆனால் ப-வுக்கும் க-வுக்கும் நடுவே க் நிற்கிறது. கட்டம், விட்டம்: ட் இடது ஓரத்தில் மாட்டிக்கொண்டதால் க-வும் வி-யும் அதைத் தொட முடியாது. விரவி: வி ஒன்றுதான். விரதம்: இருப்பது த் மட்டும், த இல்லை. இந்த நாலு வகைத் தவறும் (தாண்டுதல், ஓரத்தில் மாட்டுதல், இருமுறை தொடுதல், புள்ளியை விழுங்குதல்) எல்லாக் கட்டத்திலும் வரும்.

180 நொடியைப் பங்கிடுதல்

முதல் 10 நொடி கை சும்மா இருக்கட்டும். தொடக்க எழுத்துகள், கீல்கள், நடு நான்கு இவற்றை மட்டும் கண்ணால் தொட்டு வாருங்கள். கண்ணில் தானாகப் பட்ட சொல்லை உடனே போடும் ஆசை வரும், அடக்குங்கள். அது எங்கும் ஓடிவிடாது.

10-லிருந்து 70 வரை கீல்கள். ஒரு சொல் கிடைத்ததும் அதன் வாலை வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றிப் பாருங்கள். பட்டம் கிடைத்தால் வட்டம் இருக்கிறதா? படம் கிடைத்தால் வடம், கடம், விடம்? எதுகைக்குப் பழகிய காதுக்கு இது தானாக வரும். விரலும் அதே வழியில் ஓடுவதால் தட்டுவதும் வேகம். புதிய சொல்லைத் தேடப் பத்து நொடி ஆகும் இடத்தில் வாலைப் பிடித்தால் இரண்டு நொடி.

70-லிருந்து 130 வரை தொடக்க எழுத்து ஒவ்வொன்றுக்கும் சுமார் 10 நொடி. ப-வில் நின்று எட்டுத் திசையையும் ஒரு சுற்று, அடுத்து க. எழுத்தை மனத்துக்குள் உச்சரித்துக்கொண்டே போங்கள். கண் தவறவிட்டதைக் காது பிடிக்கும்.

130-லிருந்து 165 வரை பின்னோக்கி. ம், ல், ன், து என்ற முடிவுகளில் நின்று அதற்கு முன் எது வரலாம் என்று பாருங்கள். ம்-ஐ ஒட்டி அகர எழுத்து இருந்தாலே ஏதோ ஒரு சொல் இருக்க வாய்ப்பு அதிகம். மேல் மூலை ம்-இலிருந்து பின்னோக்கினால் க, ர இரண்டும் தெரியும். கரம், ரகம், விரகம் மூன்றும் அப்படித்தான் எளிதாகச் சிக்கும்.

கடைசி 15 நொடியில் புதிதாகத் தேடாதீர்கள். சந்தேகத்தில் ஒதுக்கி வைத்தவற்றை, பிற மொழியிலிருந்து வந்த சொற்களை, தவறுக்குத் தண்டனை இல்லையென்றால் ஊகங்களைத் தட்டிவிடுங்கள்.

மவுஸா, விசைப்பலகையா?

மவுஸால் இழுத்துக் கோத்தால் எழுத்துப்பிழைக்கு இடமில்லை. சிக்கல் மூலைவாட்டில்தான். ப-விலிருந்து ட-வுக்குச் சாய்வாக இழுக்கும்போது சுட்டி ட்-ஐயோ க்-ஐயோ உரசிவிடும், சொல் ‘பட்ட’ என்று ஆகிவிடும். கட்டத்தின் நடுவிலிருந்து நேராக மூலைமுனை வழியாக இழுங்கள், வளைவாக வேண்டாம். ஆட்டம் அனுமதித்தால் இழுப்பதைவிட ஒவ்வொன்றாகக் கிளிக் செய்வது பத்திரம். மடிக்கணினியின் தொடுபலகை இந்த ஆட்டத்துக்கு ஆகாது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே விரலுக்கு இடம் தீர்ந்துபோகும்.

தட்டச்சு பழகியவர்களுக்கு விசைப்பலகையே வேகம். தமிழ்99 அமைப்பில் உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே எழுத்தை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும்; மெல்லினத்தை அடுத்து அதன் சோடி வல்லினத்தைத் தட்டினாலும் அப்படியே. ‘வித்து’ என்பதற்கு வ, இ, த, த, உ என ஐந்தே தட்டு. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் ‘த்’ ஒன்றுக்கே இரண்டு விசை என்பதால் ஏழு ஆகும். சொல்லின் கடைசியில் வரும் புள்ளிக்கு மட்டும் தமிழ்99-ல் தனி விசை (ஆய்த விசைதான் அது) தட்ட வேண்டும். அதனால் ‘விரல்’ போன்ற சொல்லில் இரண்டும் சமம். ந-ன, ர-ற, ல-ள-ழ வேறுபாட்டுக்கு ஷிஃப்ட்டைத் தேட வேண்டியதில்லை என்பது தமிழ்99-ன் இன்னொரு நன்மை.

அதன் பொறி எங்கே என்றால், இரண்டு ஒரே எழுத்து புள்ளியில்லாமல் வரும் சொற்களில். ‘மமதை’ என்று தட்டினால் ‘ம்மதை’ ஆகிவிடும். முதல் ம-வுக்குப் பின் அ விசையைத் தட்டிவிட்டு அடுத்த ம-வுக்குப் போங்கள். ‘தத்துவம்’, ‘பப்பாளி’ இரண்டுக்கும் இதே வைத்தியம்.

பரிந்துரைப் பட்டியல் காட்டும் ஒலிபெயர்ப்புக் கருவிகளை அணைத்துவிடுங்கள். முதல் என்டர் பட்டியலில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது என்டர்தான் ஆட்டத்துக்குப் போய்ச் சேரும். இருபது சொல்லுக்கு இருபது என்டர் வீண்.

பிழை நேர்ந்தால் முழுச் சொல்லையும் அழிக்க வேண்டாம். பேக்ஸ்பேஸ் பொதுவாக ஒரு தட்டுக்கு ஒரு குறியை மட்டும் நீக்கும். ‘வி’-யில் இகரக் குறி மட்டும் போய் ‘வ’ மிஞ்சும். உயிர்க்குறி தவறினால் ஒரு தட்டு போதும்.

சரியான சொல்லை ஆட்டம் ஏற்க மறுத்தால்

முதலில் அதே சொல்லை மவுஸால் கோத்துப் பாருங்கள். மவுஸில் ஏற்று, விசைப்பலகையில் மறுத்தால் கோளாறு உங்கள் தமிழில் இல்லை, குறியீட்டில். யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது, அல்லது ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகப் போடுவது. திரையில் இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ஆட்டத்தை எழுதியவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுச் சரிபார்த்திருந்தால் தொல்லையில்லை. இல்லையென்றால் கொ, கோ வரிசைச் சொற்களை மட்டும் மவுஸால் போடுங்கள்.

ஔகாரமும் இதே ரகம். ‘ஔவை’ இரண்டெழுத்து. ஒ-வையும் ள-வையும் தட்டி ‘ஒளவை’ என்று எழுதினால் அது மூன்றெழுத்து, வேறு சொல். பிற இடங்களிலிருந்து எடுத்த சொற்பட்டியல்களிலேயே இந்தப் பிழை கிடக்கும்.

ஆட்டத்தின் நடுவே வேறு தாவலுக்குப் போகாதீர்கள். பின்னணியில் இருக்கும் தாவலின் கடிகாரத்தை உலாவி மந்தப்படுத்தும். திரும்பி வரும்போது எண் குதிக்கும். உண்மையில் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

எதிராளி இருக்கும்போது

மூல விதிப்படி இருவரும் கண்ட சொல் இருவருக்கும் செல்லாது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் படமும் பக்கமும் எதிராளியும் போடத்தான் போகிறார். போடாமல் விட்டால் அவருக்கு மதிப்பெண் என்பதால் போட்டே ஆக வேண்டும், ஆனால் வெற்றி அவற்றில் இல்லை. கீழிருந்து மேலே, வலமிருந்து இடமாக ஓடும் சொற்களில்தான் இருக்கிறது. கண் இடமிருந்து வலம் படித்துப் பழகியது. எல்லோரும் தவறவிடுவது எதிர்த்திசையை. நம் கட்டத்தில் காவல், விரகம் அப்படிப்பட்டவை. கட்டத்தைச் சுழற்றும் பொத்தான் இருந்தால் 90 நொடி ஆனதும் ஒருமுறை சுழற்றுங்கள், கட்டம் புதிதாகத் தெரியும்.

ஆங்கிலக் கட்டம் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கீல் கிடையாது, வால்தான். பன்மைக்கு எஸ், இறந்தகாலத்துக்கு ஈ-டி, பிறகு ஈ-ஆர், இவை எங்கே ஒட்டி நிற்கின்றன என்று பார்த்துவிட்டு ஆடத் தொடங்குங்கள். தமிழில் கற்ற புள்ளிப் பாடம் அங்கே உதவாது.

பயிற்சி

நாளுக்குப் பத்துக் கட்டம் ஆடுவதைவிட ஒரே கட்டத்தை மூன்று முறை பார்ப்பது மேல். முதலில் 180 நொடி ஆடுங்கள். பிறகு விடையைப் பார்க்காமல், கடிகாரம் இல்லாமல், அதே கட்டத்தில் 10 நிமிடம். கடைசியில் ஆட்டம் காட்டும் முழுப் பட்டியல். விட்டுப்போன ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: சொல்லே தெரியாதா, தெரிந்தும் திசை தவறியதா, கீலைப் பார்க்கவில்லையா? பத்துக் கட்டத்துக்குப் பிறகு உங்கள் ஓட்டை எது என்று தாளிலேயே தெரியும். திசைதான் ஓட்டை என்றால் பின்னோக்கித் தேடும் நேரத்தை 35 நொடியிலிருந்து 50-ஆக்கி, தொடக்க எழுத்துச் சுற்றில் குறைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் கட்டம் செய்ய விரும்பினால்

247 எழுத்தையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி 16 எடுத்தால் ஙௌ, ஞூ, ழொ என்று வந்து நிற்கும். ஒரு சொல்லும் தேறாது. நல்ல சொற்பட்டியல் ஒன்றை எடுத்து எழுத்துகளின் வரவை எண்ணி, அந்த விகிதத்தில் எடுக்க வேண்டும். எண்ணும்போது யூனிகோடுக் குறிகளை எண்ணக் கூடாது, ‘கு’ அங்கே இரண்டு. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்தலாம். கையால் செய்வதென்றால் 16-ல் புள்ளி எழுத்து 5 முதல் 7, அகர உயிர்மெய் 5 அல்லது 6, உகரம் 2, மீதி மற்றவை என்று வைத்துத் தொடங்குங்கள்.

வல்லின மெய் ஒவ்வொன்றையும் அதன் இனத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கட்டமும் வீண். நடு நான்கில் ஒன்றிலாவது ட, ர, ல போன்ற வழி எழுத்து இருக்கட்டும். உயிரெழுத்து ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதையும் மூலையில் வையுங்கள். நடுவில் வைத்தால் எட்டு இணைப்புகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.